பதினேழு ஆண்டு பெட்டியில் இருந்த ராணுவ உணவு

ஓடு மாற்றுவதற்காக 2024 மே மாதம் ஆள் வைத்தபோது, எங்கள் குன்னூர் வீட்டின் பரணில் இருந்த அத்தனை பொருளையும் கீழே இறக்க வேண்டியதாயிற்று. பித்தளை அண்டா, பழைய தொட்டில், அப்பாவின் கம்பளிக் கோட்டு எல்லாம் இறங்கிய பிறகு, கடைசியாக என் தாய்மாமாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி இறங்கியது. மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய அவருடைய ராணுவ எண் பாதி உரிந்திருந்தது. உள்ளே உடுப்பு இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன், இருந்தது உணவு. நான்கு அலுமினியத் தாள் உறைகளில் சமைத்த சாப்பாடு, மூன்று தகர டின்கள், சக்கர்பாரா என்ற வடநாட்டு இனிப்புப் பலகாரம் இரண்டு பொட்டலம், சர்க்கரை, தேயிலைத் தூள், விரலளவு மடக்கு டின் கட்டர் ஒன்று.

மாமா ராணுவத்தின் ஏ.எஸ்.சி. பிரிவில், அதாவது படைகளுக்கு உணவும் எரிபொருளும் அனுப்பும் பிரிவில், ஸ்டோரில் வேலை பார்த்தவர். 2007-இல் ஓய்வு பெற்றபோது, கடைசிப் பயிற்சி முகாமில் தன் பங்கில் மிஞ்சியதை அவர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். முதலில் ஆவடியில் வாடகை வீடு. பெட்டி அங்கே மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் இருந்தது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெருமழையும் நிலச்சரிவும் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டு, மலை ரயிலும் நின்றுபோய், காய்கறி ஏறாமல் நாங்கள் தவித்த செய்தி கேட்டு, அடுத்த பொங்கலுக்கு வந்த மாமா இந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். "வழி அடைச்சா ஆகும், பரண்ல இருக்கட்டும்" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு எத்தனையோ மழை வந்தது. பெட்டியை எல்லோரும் மறந்துவிட்டோம்.

விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணன் மகனுக்குப் பெட்டியைக் கண்டதும் கண்கள் விரிந்தன. பழைய போர்களின் ரேஷன் பொட்டலங்களைத் திறந்து, தட்டில் அடுக்கி, கேமரா முன் ருசி பார்ப்பவர்களின் வீடியோக்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். நூறு ஆண்டுப் பழைய பொருளையே ஒருவர் தின்றுவிட்டு நலமாக இருக்கும்போது, பதினேழு ஆண்டு ஒரு பொருட்டா என்பது அவன் கேள்வி. கேள்வி நியாயமானது. அதனால் "கெட்டுப்போயிருக்கும், தூக்கிப் போடு" என்று சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டு பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். அவனையும் மாமாவையும் முற்றத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். அன்று பேசியதையும் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் மழைக்காலத்துக்கென்று டின்னும் பாக்கெட்டும் சேர்த்து வைக்காத வீடு இந்த மலையில் குறைவு.

அடைத்த உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஓடும் படைக்கு உணவு கெடாமல் போய்ச் சேர வழி தேடிய பிரெஞ்சு அரசு, நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்த் தொழிலாளிக்கு 1810-இல் 12,000 பிராங்க் கொடுத்தது. கண்ணாடிப் புட்டியில் உணவை இட்டு, காற்றுப் புகாமல் அடைத்து, கொதிநீரில் நெடுநேரம் வேகவைப்பது அவர் கண்ட முறை. அது ஏன் பலித்தது என்று அவருக்கே தெரியாது. கெடுப்பது காற்றல்ல, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று லூயி பாஸ்டர் நிறுவியது அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான். அந்தப் பாஸ்டரின் பெயரில் 1907 முதல் எங்கள் ஊரில் நிற்கும் நிறுவனத்தைத் தாண்டித்தான் நான் தினமும் பள்ளிக்குப் போனேன். வெறிநாய்க்கடி மருந்தோடு மட்டும் அந்தப் பெயரைச் சேர்த்து வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு, நம் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு டின்னுக்கும் அவர் சொந்தம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இன்று டின்னானாலும் தாள் உறையானாலும் அடைத்த பிறகு அழுத்த நீராவியில் வைத்து, நடுப்பகுதியின் கடைசிக் கவளம் வரை 121 டிகிரி செல்சியஸ் வெப்பம் மூன்று நிமிடமாவது பட்டதற்குச் சமமாகச் சூடேற்றுகிறார்கள். இந்தக் கணக்கு க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற ஒரே ஒரு நுண்ணுயிரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. அதன் வித்துகள் மண்ணில் எங்கும் உண்டு. சாதாரணக் கொதிநீர் அவற்றைக் கொல்லாது. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் முளைத்து, மனிதன் அறிந்த நச்சுகளில் மிகக் கொடியதை உண்டாக்கும். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் என்பது அப்படியே மட்டன் டின்னின் உட்புறம்தான். ஆகவே ஆலையில் அந்தச் சூடு சரியாகக் கொடுக்கப்பட்டு, மூட்டு விடாமல் இருந்தால், உள்ளே நச்சை உண்டாக்க எதுவும் உயிரோடு இல்லை. அப்படிப்பட்ட டின் பத்து ஆண்டு கழித்தும் நஞ்சாவதில்லை. வயது மட்டும் உணவை விஷமாக்குவதில்லை என்று வீடியோக்காரர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

மலையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. கீழே நான்கு விசிலில் வேகும் கடலைக்கு இங்கே ஆறு விசில் வைப்பது இதனால்தான். குக்கருக்குள்ளும் கீழ்நாட்டில் வரும் வெப்பத்தைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாகத்தான் வரும். கோழிக் குழம்பையும் காளான் மசாலாவையும் வீட்டிலேயே புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வெளியே வைக்கலாம் என்று செய்முறை சொல்பவர்களை நம்பி, எங்கள் ஊரில் சிலர் அதைச் செய்கிறார்கள். எலுமிச்சை ஊறுகாயும் பிளம்ஸ் ஜாமும் வேறு; அவற்றில் புளிப்பு இருக்கிறது, பி.எச். 4.6-க்குக் கீழே அந்த வித்து முளைக்காது. இறைச்சிக்கும் காளானுக்கும் அந்தக் காவல் இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெட்டிக்கு வருகிறேன். மட்டன் டின்னை மாமா கையில் எடுத்தவுடனேயே அதன் கதை தெரிந்துவிட்டது. மேற்புறத்துத் துரு தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்ததும் போய்விட்டது. அப்படிப் போகிற துரு பயப்பட வேண்டியதல்ல. அடிப்புறத்தில் நகத்தால் நெருடியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. விளிம்பு மடிப்பை ஒட்டி, காய்ந்த புளிக்கரைசல் போல, எள் அளவில் ஒரு கறுத்த சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது வெளியே வர வழி கிடைத்தால், வெளியே இருந்தது உள்ளே போகவும் வழி உண்டு. ஆலையில் கொடுத்த 121 டிகிரியெல்லாம் அந்தத் துளையோடு செல்லாக்காசாகிவிடுகிறது. அந்த டின்னைத் திறக்கவே இல்லை.

குளிர்ந்த ஊராயிற்றே, உணவு நன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைப்போம். குளிர் உணவுக்கு நல்லதுதான். தகரத்துக்கு நம் ஈரம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் துவைத்த துணி ஒரு வாரம் காயாது. பீரோவுக்குள் செருப்பு பூத்துப்போகும். இரவுக் குளிரில் சில்லிட்ட டின்னின் மேல் காலைக் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும். பதினான்கு மழைக்காலம் அந்த வியர்வை உலராமல் அடியில் நின்றிருக்கிறது.

அன்னாசித் துண்டு டின்னில் துரு அவ்வளவாக இல்லை, ஆனால் மூடி மெல்ல உப்பியிருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். "டக்" என்று உள்ளே போய், எதிர்ப்புறத்து மூடி அதே ஒலியோடு வெளியே வந்தது. பையனுக்கு அது விளையாட்டாக இருந்தது, இன்னொரு முறை அழுத்தப் போனான், தடுத்தேன். அன்னாசியின் புளிப்பு ஆண்டுக்கணக்கில் தகரத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அது வெறும் வேதிவினை. நுண்ணுயிர் பெருகினாலும் வாயு உண்டாகி மூடி உப்பும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆய்வகம் சொல்லலாம், முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் சொல்ல முடியாது. பழச் சாறு மாதிரிப் புளிப்புள்ள டின்களை ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதற்கும், பருப்பு, இறைச்சி டின்கள் அதைவிட நெடுநாள் தாங்கும் என்பதற்கும் காரணம் இந்த அரிப்புதான்.

தாள் உறைகளைப் பற்றி மாமாவுக்குப் பெருமை அதிகம். பாலியெஸ்டர், அலுமினியத் தாள், பாலிபுரொப்பிலீன் என்று அடுக்கி ஒட்டிய அந்த உறையில் புலாவும் பருப்பும் அல்வாவும் அடைத்து, தீ மூட்ட முடியாத இடத்திலும் சிப்பாய் பிரித்துச் சாப்பிடும்படி செய்ததில், மைசூரில் 1961-இல் தொடங்கிய ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று கடையில் சூடாக்கிச் சாப்பிடும் பாக்கெட்டாக நாம் வாங்குவதும் அதே முறையில் வந்ததுதான். இந்த உறைகளுக்குத் துரு இல்லை, மடிப்புதான் எதிரி. திரும்பத் திரும்ப மடங்கும் இடத்தில் அலுமினியத் தாள் கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கும். வாளியில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வோர் உறையாக மூழ்கடித்து மெல்ல அழுத்தினோம். மூன்று உறைகளிலிருந்து குமிழ் எதுவும் வரவில்லை. நான்காவதில், குறுக்கு மடிப்பின் முனையிலிருந்து, சரம் கோத்தது போல ஊசிமுனைக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. மூவரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

குமிழ் வராத ஒன்றைக் கத்தரித்துப் பார்த்தோம், பார்ப்பதற்காக மட்டும். பருப்பு காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. அழுகல் வாடை இல்லை. அடிப்பிடித்த வெல்லமும் காறிப்போன எண்ணெயும் கலந்த வாடை. சர்க்கரைச் சத்தும் புரதமும் ஆண்டுக்கணக்கில் தம்முள் வினைபுரிந்து வந்த நிறம் அது. இங்கேதான் ஆவடி வருகிறது. பத்து டிகிரி வெப்பம் ஏறினால் இப்படிப்பட்ட வினைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அமெரிக்க ராணுவம் 1981 முதல் வழங்கும் எம்.ஆர்.ஈ. உணவுக்கு வகுத்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்: 27 டிகிரியில் வைத்தால் மூன்று ஆண்டு, 38 டிகிரியில் வைத்தால் ஆறே மாதம். ஆகவே அவர்கள் தேதியை மட்டும் நம்புவதில்லை. பெட்டியின் மேல் ஒரு பொட்டு ஒட்டுகிறார்கள். பட்ட வெப்பமும் கழிந்த நாளும் சேரச் சேர நடுப்பொட்டு கறுத்துக்கொண்டே வந்து, சுற்றியுள்ள வளையத்தின் நிறத்தை எட்டினால், அந்தப் பெட்டியைச் சோதிக்காமல் கொடுக்க மாட்டார்கள். மாமாவின் பெட்டியில் பொட்டு இல்லை. ஆனால் ஆவடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் மூன்று கோடை கழிந்திருக்கிறது. உணவின் ஆயுள் அங்கேயே தீர்ந்துவிட்டது. பிறகு குன்னூர்க் குளிரில் வைத்ததெல்லாம் தீர்ந்துபோனதைப் பத்திரப்படுத்தியது போலத்தான்.

சுவையும் சத்தும் போவது ஒன்று, நஞ்சாவது வேறொன்று என்று மேலே சொன்னேன். அந்த வேறுபாட்டிலும் வெப்பம் வந்து குறுக்கே நிற்கிறது. ஆலைச் சூட்டுக்கும் தப்பும் வித்துகள் சில உண்டு. அவை பாட்டுலினத்தைவிட வெப்பத்தைத் தாங்குபவை. சாதாரண வெப்பத்தில் அவை உறங்கிக் கிடப்பதால் யாரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. கூரைக்கடியில் 45 டிகிரிக்கு மேல் ஏறினால் விழித்துக்கொள்ளும். டின் உப்பாது, வெளியே ஒரு குறியும் இராது, உள்ளே உணவு புளித்துப்போயிருக்கும். அவை நஞ்சு உண்டாக்குவதில்லை. ஆனால் உப்பாத டின் நல்ல டின் என்ற நம்பிக்கை தவறு என்பதற்கு அவை சாட்சி.

பையன் விடவில்லை. அமெரிக்காவில் ஆற்றில் மூழ்கிய கப்பலின் டின்கள் நூறு ஆண்டு கழித்தும் நன்றாக இருந்தனவே என்றான். உண்மைதான். பெர்ட்ரண்ட் என்ற நீராவிக் கப்பல் 1865-இல் மிசௌரி ஆற்றில் மூழ்கி, 1968-இல் தோண்டி எடுக்கப்பட்டது; அதில் கிடைத்த பீச் பழம், சிப்பி இறைச்சி, தக்காளி டின்களை 1974-இல் சோதித்த வேதியியலாளர்கள் நுண்ணுயிர் வளர்ச்சி எதையும் காணவில்லை. வைட்டமின் ஏ-யும் சி-யும் போயிருந்தன, நிறமும் மணமும் குன்றியிருந்தன, உண்டால் கெடுதி இல்லை என்றார்கள். ஆனால் அந்த டின்கள் எங்கே இருந்தன? ஆற்று வண்டலுக்கு அடியில், மாறாத குளிரில், காற்றே படாமல். எப்படி முடிவு செய்தார்கள்? சோதனைக் கூடத்தில், நாக்கில் வைத்தல்ல. மாமா இதைக் கேட்டுவிட்டு, தங்கள் ஸ்டோரிலும் அப்படித்தான் என்றார். ஒவ்வொரு பொருளுக்கும் இ.எஸ்.எல். என்று ஓர் உத்தேசச் சேமிப்புக் காலம் உண்டாம். அது முடிந்தும் சரக்கு இருந்தால் மாதிரி எடுத்து ராணுவ உணவு ஆய்வகத்துக்கு அனுப்பி, பதில் வரும் வரை மூட்டையைத் தொட விடமாட்டார்களாம். "மூக்கால மோந்து பாத்து பாஸ் பண்ற வேலை எங்ககிட்ட கிடையாது" என்றார். ஸ்டோரில் இருந்தவரின் அந்த ஒரு சொல்லுக்குப் பையனிடம் இருந்த மதிப்பு என் வேதியியலுக்கு இல்லை.

மூக்கு போதாது என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாட்டுலினம் நச்சுக்கு நிறமில்லை, வாடையில்லை. டின் உப்பாமலும் அது இருக்கலாம். உண்டு சில மணி நேரமோ சில நாளோ கழித்துத்தான் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது; பிறகு செயலிழப்பு கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கி மூச்சைத் தொடும். எதிர்மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு இனங்கண்டு, மூச்சுக்கருவி உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். இரவில் மேகம் இறங்கிய மலைப்பாதையில் கோயம்புத்தூர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நச்சு வித்தைப் போலன்றி வெப்பத்துக்கு அழியும். 85 டிகிரியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது என்பார்கள், நம் கொதிநீரும் அந்த அளவைத் தாண்டும். ஆனால் சந்தேகமான டின்னைக் கொதிக்கவைத்து மீட்டுவிடலாம் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கொதிக்கும் முன்பே கரண்டியும் கையும் துணியும் பட்டுவிடுகின்றன.

வீடியோவில் வரும் இன்னும் பழைய டின்களுக்கு வேறொரு கேடும் உண்டு, அதை யாரும் காட்டுவதில்லை. அக்காலத்து டின்களின் பக்க மூட்டு ஈயம் கலந்த பற்றாசால் ஒட்டப்பட்டது. அமெரிக்க ஆலைகளே அதை 1991-இல்தான் விட்டன. 1995-இல்தான் சட்டம் தடுத்தது. பல பத்தாண்டுகள் உள்ளே ஊறிய ஈயம் தின்றவரை மறுநாள் படுக்கவைக்காது, ஆதலால் கேமராவுக்குத் தெரியாது.

டின் பால் மட்டும் துருவோ உப்பலோ இல்லாமல் இருந்தது. திறந்தால் பாலைக் காணோம்; பால்கோவா நிறத்தில், கரண்டி நிற்கும் கெட்டியில் இருந்தது. அதிலுள்ள சர்க்கரை நீரையெல்லாம் பிடித்துக்கொள்வதால் நுண்ணுயிர் வளர்வது அரிது. எல்லாவற்றிலும் ஆபத்துக் குறைந்தது அதுதான் என்று நான் உண்மையையே சொன்னேன். ஆனாலும் கொட்டினோம், அதன் மேல் யாருக்கும் ஆசை வரவில்லை. சக்கர்பாராவைப் பிரித்ததும் முற்றம் முழுவதும் சிக்கு வாடை. அந்த வாடைக்கு மாமாவின் முகம் சுருங்கியது. பனிமலையில் இருந்த நாளில் தேநீரோடு அதைத்தான் தின்றோம் என்று பையனிடம் சொல்லிக்கொண்டே பொட்டலத்தை மறுபடி மடித்தார்.

எறிவதிலும் கவனம் வேண்டியிருந்தது. குன்னூரில் எண்ணெய் வாடை பட்டால் கரடி வரும், சமையலறைக் கதவை உடைத்த கதைகள் நிறைய உண்டு. குழியில் புதைத்தால் தோண்டிவிடும். உப்பிய டின்னையும் ஒழுகிய டின்னையும் திறக்காமலே இரண்டிரண்டு பையில் போட்டு இறுகக் கட்டி, மற்றவற்றையும் தனியாகக் கட்டி, காலையில் நகராட்சி வண்டி வந்தபோது என்ன இருக்கிறது என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். தொட்ட கையையும் கத்தரியையும் வாளியையும் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினோம். இப்போது மழைக்கென்று தனிப் பெட்டி வைப்பதில்லை. அவல், கடலைமாவு, உப்புமா ரவை, பருப்பு, நான்கு பாக்கெட் சூடாக்கிச் சாப்பிடும் உணவு எல்லாம் சமையலறை அலமாரியிலேயே, கண் படும் உயரத்தில் இருக்கின்றன. வாங்கிய மாதத்தை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, பழையதை முன்னால் வைத்து, மாதம் ஒன்றை எடுத்துச் சமைத்து, அதே அளவுக்குப் புதிதாக வாங்கி வைக்கிறேன்.

கடைசியில் பெட்டிக்குள் சர்க்கரைப் பொட்டலமும் தேயிலையும் மிஞ்சின. தேயிலைக்கு மணமே இல்லை, ரோஜாச் செடிக்குப் போட்டேன். சர்க்கரை ஈரம் குடித்துச் செங்கல் போல இறுகியிருந்தது. உறை கிழியவில்லை, எறும்பு போகவில்லை, நிறம் மாறவில்லை. சர்க்கரை கெடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மாமா அதை அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் தட்டி உடைத்தார். அன்று மாலை, மூவருக்கும் போட்ட தேநீரில் அதைத்தான் கலக்கினேன்.